மலபாரில் மூன்று சாவு

"செத்தவங்களை எழுப்பணும்னா ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்கக் கூடாதா? இன்னைக்கு வியாழன்தானே ஆகுது!"

என் மனைவி ரோசிலி இப்படிக் கேட்டபோது நான் கிழிந்த குடை ஒன்றுக்குள் தலையை விட்டிருந்தேன். வேலை ஒன்றுமில்லை, அது என் சொந்தக் குடை. ஒளிந்துகொள்ள வீட்டில் வேறு இடம் கிடையாது.

தப்பு என்னுடையதுதான். காலையில் கோவிலில் பாதம் கழுவும் பூசை முடிந்து வெளியே வரும்போது, பக்கத்து வீட்டில் தனியாக வசிக்கும் திரேசியா அக்கா, எங்கள் ஊர் வழக்கில் சேடத்தி, "ஈஸ்டருக்கு என்ன விசேஷம், வர்க்கி?" என்று கேட்டார். எனக்குப் பெருமை பொங்கிவிட்டது.

"ரோசிலியோட இட்டிச்சன் மாமா மலபார்லேர்ந்து முந்திரிப்பருப்பு அனுப்புறார் சேடத்தி. நேத்துதான் போன் பண்ணினார். மாமி, பெரிய மாமா எல்லாரும் சௌக்கியமாம்!"

"அப்படியா?" என்று மட்டும் சொல்லிவிட்டு சேடத்தி நடையைக் கட்டினார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நான் சொன்ன மூன்று பேருமே எங்கள் ஊரைப் பொறுத்தவரை இறந்தவர்கள். வருஷத்துக்கு ஒருவராக.

விஷயம் இதுதான். நான் குட்டநாட்டில் குடை ரிப்பேர் செய்பவன். ஈஸ்டர் ஏப்ரலில் வருகிறது, மழை ஜூனில் வருகிறது. அந்த இடைவெளியில்தான் என் குடும்பம் வாழ்கிறது. ஈஸ்டர் அன்று ஊரெல்லாம் வாத்துக்கறி மணக்கும்போது எங்கள் வீட்டில் ஆளுக்கொரு முட்டை. அதை ரோசிலி நூலால் இரண்டாக அறுத்துக் குழம்பில் போடுவாள். ஆளுக்கு இரண்டு கிடைத்ததாகப் பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும். நானும் நினைத்துக்கொள்வேன்.

ஆனால் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் சாயங்காலம், இயேசுவின் கடைசி விருந்தை நினைத்துச் செய்யும் பெசஹா அப்பம் இல்லாமல் முடியாது. அரிசியும் உளுந்தும் அரைத்து, புளிக்க விடாமல் அவித்து, மேலே குருத்தோலைச் சிலுவை வைத்து, வெல்லம் போட்ட தேங்காய்ப்பாலோடு வைக்க வேண்டும். வீட்டுத் தலைவன் அதை முறித்து, வயசு வரிசைப்படி எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். வீட்டிலோ நெருங்கிய சொந்தத்திலோ சாவு விழுந்தால் மட்டும் அந்த வருஷம் அப்பம் செய்யக் கூடாது. அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவந்து தருவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, எங்கள் அரிசிப்பானை காலியாக இருந்த ஒரு பெரிய வியாழனில், சேடத்தி அப்பத்தட்டோடு வந்து நின்றார். "மலபார்ல உன் இட்டிச்சன் மாமா போயிட்டாராமே, ரோசிலி? கேள்விப்பட்டேன்."

எங்கேயோ தப்பாகக் கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்ல ரோசிலி வாயைத் திறந்தாள். அப்பத்தின் மணம் வந்தது. மூடிக்கொண்டாள். போன வருஷம் அவளே மாமியை மேலுலகத்துக்கு அனுப்பிவைத்தாள். இந்த வருஷம், போன வாரம்தான், பெரிய மாமாவை.

"இனிமே சேடத்தி இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பாங்களா?" என்றாள் ரோசிலி. "பொண்ணுங்க ரெண்டும் குளிச்சுட்டு வாசலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு. பானையில கஞ்சிக்குத்தான் அரிசி இருக்கு. அப்பம் இல்லன்னு நீங்களே போய்ச் சொல்லுங்க."

"முந்திரிப்பருப்பு வருதே..."

"வந்தா உங்க வாயில வச்சு அடைக்கிறேன்."

இருட்டத் தொடங்கியது. வாய்க்காலுக்கு அக்கரையில் வீடுகளில் ஜெபம் கேட்டது. சின்னவள் என்னைப் பார்த்தாள். நான் குடையைப் பார்த்தேன்.

"வர்க்கி! கதவைத் திறடா, கை ரெண்டும் நிறைஞ்சிருக்கு."

சேடத்தி! வாழையிலை மூடிய தட்டையும் பால் பாத்திரத்தையும் வழக்கம்போல மேஜையில் வைத்துவிட்டு, வழக்கம்போல பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் ஜெபம் சொல்லி அப்பத்தை முறித்தேன். வயசில் மூத்தவர் என்று முதல் துண்டு அவருக்குத்தான். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் தின்றார். நான் என் துண்டைத் தட்டிலேயே வைத்தேன்.

"சேடத்தி, மலபார்ல யாருமே சாகல."

"தெரியும்."

"மாமி கூட..."

"தெரியும்டா. அந்தக் குடும்பத்துக்கு ஆயுசு கெட்டி."

ரோசிலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மன்னிச்சிடுங்க சேடத்தி. முதல் வருஷம் நீங்கதான் தப்பாக் கேள்விப்பட்டு வந்தீங்க. நாங்க சும்மா இருந்துட்டோம்..."

"யார்கிட்ட கேள்விப்பட்டேன்? நானா கட்டிவிட்ட கதைடி அது."

எனக்கு முகம் சுட்டது. "எங்க காலிப்பானையை எட்டிப் பார்த்துட்டு, பாவம்னு கொண்டு வந்தீங்களா? நேராச் சொல்லுங்க சேடத்தி."

சேடத்தி விரலில் ஒட்டிய பாலை முந்தானையில் துடைத்தார்.

"உன் பானை எனக்கு எப்படிடா தெரியும்? எங்க வீட்டுக்காரர் செத்த வருஷம் ஊரே எனக்கு அப்பம் கொண்டுவந்துது. மறு வருஷம் சாவு பழசாயிடுச்சு, ஒருத்தரும் வரல. நானே அவிச்சு மேஜையில வச்சேன். முறிச்சுக் கொடுக்க ஆளில்ல. தட்டைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வந்தேன், உங்க வீட்டுல பிள்ளைங்க சத்தம் கேட்டுது. உள்ள வர்றதுக்கு எனக்கு ஒரு சாவு வேணும்ல? அதான் உங்க மாமாவைக் கொன்னேன்."