இமையில் உப்பு

மரக்காணம் உப்பளத்து வரப்பில் நின்று அர்ச்சுனன் கேமராவில் புது லென்ஸைப் பொருத்துகிறான். சுனாமிக்கு மறுநாள் அடையாளம் தெரியாத உடல்களைப் படமெடுத்துக் கொடுத்ததற்காக, ஒரு வருடம் கழித்துத் தொண்டு நிறுவனம் ஒன்று அனுப்பிய பரிசு. வெயிலில் கூசும் பாத்தியில் அஞ்சலாட்சி பலகையால் உப்பை வாரிக் குவிக்கிறாள். உடல்களை எடுத்த அன்றைய அந்தி மங்கலில், பழைய லென்ஸில், அவள் மகனின் முகம் கலங்கிப்போனது. படத்தை மூன்று தடவை பார்த்தும் தன் பிள்ளை என்று அவளுக்குத் தெரியவில்லை. உடலிலிருந்து கழற்றி வைத்திருந்த அரைஞாண் கயிற்றைப் பார்த்து அவள் அலறியபோது, அவனை யார் யாரோடோ சேர்த்துப் புதைத்திருந்தார்கள். "ஏம்பா, இதுல மூஞ்சி நல்லா தெரியுமா?" "இருட்டுலகூட தெரியும்க்கா." "அப்ப என்னைய ஒண்ணு எடுத்து வச்சிக்க. நாளைக்கு என்னைய அடையாளம் காட்ட யாரு இருக்கா?" பலகையைக் கீழே போட்டுவிட்டு, கண்களை மூடி, முகத்தை அவனுக்கு நேராக நிமிர்த்துகிறாள். இமைமயிரில் ஒட்டிய உப்புகூடத் தெளிவாகத் தெரிகிறது.