விலகிப்போன கோடு

பனிமேரி வானிலை அலுவலகத்துக்குள் வந்தபோது அதிகாரி குணசீலன் புயல் படத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவள் புருஷன் போன படகு மற்றப் படகுகளோடு ஆழ்கடலில் இருந்தது. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் பதில் இல்லை.

திரையில் கோடுகள் தலைவிரிகோலமாய்க் கிடந்தன.

"இதுல எது சார் புயலு?"

"எல்லாம் ஒரே புயல்தாம்மா. காத்தையும் சூட்டையும் துளி மாத்திக் குடுத்தா, கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வழி சொல்லும்."

அத்தனை வழியும் படகுகள் நின்ற பக்கமே போயிற்று. ஒன்று மட்டும் பிரிந்து ஆளில்லாத கடலுக்குத் திரும்பியது. அப்படித் தனித்துப் போவதை அழித்துவிட்டுப் படத்தை வெளியிடுவதுதான் அங்கே வழக்கம். குணசீலன் அழிக்கப் போனார். அதற்குள் அவள் திரையில் அந்த இடத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"இது இருக்கட்டும் சார்."

"இதை நம்ப முடியாதும்மா."

"நீங்க நம்ப வேண்டாம். அழிக்காம இருந்தா போதும்."

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். அந்நேரம் பார்த்துக் கம்ப்யூட்டரின் அடுத்த கணிப்பு வந்தது. பழைய கோடுகள் மறைந்து புதியவை விழுந்தன. கண்ணுக்குத் தெரிந்தவை எல்லாம் படகுகளை நோக்கியே போயின.

பனிமேரியின் கை அசையவில்லை. அதனடியில் ஒரு கோடாவது இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கையை எடும்மா என்று சொல்லத்தான் குணசீலனுக்கு வாய் வரவில்லை.