இரவல் குடைச்சல்

சற்று நேரம் அசையாமல் வைத்தாலே குடைந்தெடுக்கும் கால்கள் அருணகிரிக்கு. அறுவைச் சிகிச்சைக்கோ ஆடாமல் கிடக்க வேண்டும். அதனால் அது முடியும்வரை அந்தக் குடைச்சலை லில்லி என்ற பெண்ணின் கால்களுக்கு மாற்றியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் அதுதான் அவளுக்கு வேலை.

நிற்க முடியாமல் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தவளைப் பார்க்கப் பார்க்க அருணகிரியின் மனைவி தமயந்திக்கு வயிறு எரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் கால்களை அமுக்கிவிடுகிறவள் அவள்தானே!

“பாவம்க்கா உங்க வீட்டுக்காரரு. எலும்புக்குள்ள எறும்பு ஊருது. அதுவும் முட்டிக்குப் பின்னாடிதான் உயிரு போவுது,” என்றாள் லில்லி.

தமயந்தி இத்தனை வருஷமும் அமுக்கியது கெண்டைக்காலை. “இப்ப சுகமா இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வார் மனுஷன்.

சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் அருணகிரி கேட்டார், “அந்தப் பொண்ணு ரொம்பக் கஷ்டப்பட்டுச்சா?”

குடைச்சலை அவருக்கே திருப்பி ஏற்ற நர்ஸ் வந்தாள். தமயந்தி செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்துக் கட்டிலில் காலை நீட்டினாள்.

“என் காலுல ஏத்துங்க சிஸ்டர். எம் புருஷன் வலி எவளுக்கோ தெரியும், எனக்குத் தெரியாதுன்னா எப்படி?”