ஏழாம் நம்பர் தட்டு

துணிப்பெட்டியைக் கட்டி அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுத்தான் க்ளெனிஸ் இரண்டு கேக்குகளையும் வண்டியில் ஏற்றினாள். இன்றைக்கு ஒரு நல்ல வார்த்தை வராவிட்டால், ஆறு மணி பஸ்ஸில் அக்கா நோலீன் வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவாகியிருந்தது. முடிவு செய்தது அவள் மட்டும்தான். புருஷன் மெர்வுக்கு இதெல்லாம் தெரியாது.

முப்பத்துநான்கு வருஷமாக அந்த மனுஷன் வாயிலிருந்து ஒரே வார்த்தைதான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக்கும் 'மோசமில்ல', கிறிஸ்துமஸுக்கு எடுத்த புதுக் கவுனுக்கும் 'மோசமில்ல', தலைச்சன் பிள்ளையைக் கையில் வாங்கியபோதும் 'மோசமில்ல'. இத்தனைக்கும் ஆட்டு ரோமத்தைத் தொட்டுப் பார்த்துத் தரம் பிரிப்பதுதான் அவர் வேலை. ஊர் ஆட்டுக்கெல்லாம் தரம் சொல்கிறவருக்குப் பெண்டாட்டிக்கென்று சொல்ல வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

கிடைக்காமல் என்ன? அன்று காலையில் கொக்கட்டூக் கிளிகள் கூட்டமாக வந்து வராந்தாவின் மரக் கைப்பிடியைச் செதில் செதிலாகக் கொத்திப் போட்டிருந்தன. மெர்வ் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துவிட்டு, "அபாரம்" என்றார். கிளிக்குக் கிடைக்கிற பாராட்டு எனக்குக் கிடையாதா என்று க்ளெனிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊர்க் கண்காட்சியில் கேக்குக்கு வழக்கமாக மார்க் போடுகிற அம்மாள் காலை உடைத்துக்கொண்டதால், இந்த வருஷம் மெர்வைப் பிடித்து நடுவராக்கியிருந்தார்கள். பெண்டாட்டியே போட்டியில் இருக்கிறாளே என்று அவர் தயங்கியதற்கு, தட்டில் நம்பர் மட்டும்தான் இருக்கும், பெயர்ச் சீட்டு அடியில் மடித்துக் கிடக்கும், முடிவு சொன்ன பிறகுதான் பிரிப்போம் என்று சமாதானம் சொன்னார்கள்.

க்ளெனிஸுக்கு அது போதும். ஒப்புக்குத் தன் பெயரில், வாராவாரம் வீட்டில் செய்கிற சாதாரணப் பழக் கேக்கை வைத்தாள். அது நாலாம் நம்பர். நோலீன் பெயரில் வைத்த ஏழாம் நம்பர்தான் நிஜமான அஸ்திரம். இஞ்சி, ஆரஞ்சுத் தோல், மக்கடாமியா பருப்பு, அரை புட்டி ரம் என்று மூன்று நாள் மெனக்கெட்டுச் செய்தது. யாருடையது என்று தெரியாமல் தின்றாலாவது உண்மை வெளியே வரட்டும் என்று நினைத்தாள்.

கண்காட்சிக் கொட்டகையில் டீ விற்கிற மேஜைக்குப் பின்னால் கோப்பை துடைப்பதுபோல நின்றுகொண்டு காதைத் தீட்டினாள். எங்கள் ஊரில் நடுவர் ஒவ்வொரு தட்டுக்கும் எல்லோர் காதிலும் விழும்படி கருத்துச் சொல்ல வேண்டும்.

முதல் தட்டை மெர்வ் சுவாரசியமாக இருக்கிறது என்றார். இரண்டாவதை நல்ல முயற்சி என்றார். மூன்றாவதை அழகாக வெட்டியிருக்கிறார்கள் என்றார். நாலாவதில் ஒரு துண்டை முழுக்கத் தின்று, விரலில் ஒட்டிய தூளையும் விடாமல் வாயில் போட்டுக்கொண்டு, "மோசமில்ல" என்றார்.

க்ளெனிஸ் துடைத்த கோப்பையையே மறுபடி அழுத்தித் துடைத்தாள். வேற்றாள் கேக் என்று நினைத்தும் அதே வார்த்தைதானா?

ஏழாவது தட்டு வந்தது. மெர்வ் மென்றார், மென்றுகொண்டே இருந்தார். கண் கலங்கிவிட்டது. ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, கொட்டகையே கேட்கும்படி சொன்னார்.

"அபாரம்!"

க்ளெனிஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. மிச்சக் கோப்பைகளை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். பெட்டியைக் கட்டிலில் எடுத்துப் போட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே ஒவ்வொரு துணியாக எடுத்து அலமாரியில் வைக்கத் தொடங்கினாள்.

பாதி முடிவதற்குள் மெர்வ் முதல் பரிசு ரிப்பனோடு உள்ளே வந்தார். பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"உங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பறியா? விஷயம் அதுக்குள்ள எட்டிடுச்சா?"

"என்ன விஷயம்?"

"ஏழாம் நம்பர் அவளோடதாம். சீட்டைப் பிரிச்சப்புறம்தான் எனக்கே தெரிஞ்சது. போய் ஆறுதல் சொல்லிட்டு வா. நான் தண்ணி குடிச்சு முழுங்கினதை மட்டும் சொல்லிடாத."

க்ளெனிஸ் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அபாரம் என்றுதானே சொன்னாய் என்று மெல்லக் கேட்டாள்.

"பின்ன, அந்தக் கண்ராவிக்கு வேற என்ன சொல்றது? காலைல வராந்தாவைப் பார்த்தும் அதைத்தானே சொன்னேன்." மெர்வ் ரிப்பனை அவள் மடியில் வைத்தார். "நாலாம் நம்பருக்கு. எங்கேயோ சாப்பிட்ட மாதிரி இருக்கேன்னு பார்த்தேன். பிரிச்சா, உன் பேரு."

அவள் ரிப்பனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆனா மெர்வ், நாலாம் நம்பருக்கு நீ வெறும் 'மோசமில்ல'ன்னுதானே சொன்ன?"

மெர்வ் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார்.

"அதுக்கு மேல ஒரு வார்த்தை இருக்கா என்ன?"