கயிற்றின் மேல்முனை

மாடிக்கூரை ஒழுகுகிறது, பீரோ துருப்பிடிக்கிறது. இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருப்பதால் கள்ளக்குறிச்சியிலிருந்து கூலியாள் யாரும் வரவில்லை. கிணற்றில் மோட்டார் இறக்குகிற கயிற்றைப் பீரோவின் இடுப்பில் கட்டி, மறுமுனையை மாடித் தூணில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, செந்தமிழ்ச்செல்வி கொஞ்சங்கொஞ்சமாக விடுகிறாள். பீரோவின் முதுகைத் தோளில் தாங்கிப் படியிறங்குகிறான் அவள் புருஷன் பூமாலை. அவளுக்கு அவன் தெரியவில்லை. பீரோக் கண்ணாடியில் வெளுத்துப்போன தன் மூஞ்சிதான் தெரிகிறது. படிக்குப் படி டொம்மென்று ஒரு சத்தம். திடீரென்று அதுவும் நின்றுபோகிறது. "இன்னாங்க, சத்தத்தையே காணோம்?" "தரைக்கு வந்தாச்சி. கயித்த வுடுடி." அவளால் விட முடியவில்லை. பூமாலை மேலேறி வந்து, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறான்.