அரை இட்லி

தீவில், டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் இருக்கும் வீட்டின் சமையலறையில் மாலை நாலரைக்கே வெளிச்சம் மங்குகிறது. தகரக் கூரையில் மழை விடாமல் தட்டுகிறது. தட்டில் இருக்கும் அரை இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து வைத்தபடி ஷோபனா உட்கார்ந்திருக்கிறாள். போன வருஷம் தனியாக பாங்காக் போய், உடம்பு இளைக்க வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவள். இப்போது ஒரு வாய் கூடிப்போனாலும் நெஞ்சில் கல்லாக நிற்கிறது. அடிக்கடி தலை சுற்றுகிறது. சீப்பில் கொத்தாக முடி வருகிறது. மேஜைமேல் செல்போன் ஸ்பீக்கரில் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பு "சிஸ்டர், சிஸ்டர்" என்று தினமும் விசாரித்த பாங்காக் ஆஸ்பத்திரிப் பெண் வேலையை விட்டுவிட்டாளாம். ஷோபனாவின் சிகிச்சை பேக்கேஜ் முடிந்துவிட்டது, இனி உள்ளூர் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு புதுக் குரல் ஆங்கிலத்தில் பணிவாகச் சொல்லிவிட்டு அடங்குகிறது. உள்ளூர் டாக்டரோ, அங்கே என்ன செய்தார்கள் என்று அவளிடமே கேட்டவர். வாசலில் குடையை உதறிக்கொண்டு பக்கத்து வீட்டு ராஜகுமாரி அக்கா உள்ளே வருகிறாள். "அரே, எப்படி இளைச்சுட்டே! மெயின்லேண்ட்ல உங்கம்மாவுக்கு அடையாளமே தெரியாது." எல்லோரும் சொல்வதுதான், ஷோபனாவும் சிரித்துவைப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை. "சாப்பிடவே பயமா இருக்குக்கா. நான் இதை முடிக்கிற வரைக்கும் உட்காருறீங்களா?" அக்கா குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்து எதிரே உட்கார்கிறாள். "அச்சா, உட்காருறேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கும் கூட வரேன்." "நாளைக்கு மட்டும் வந்தா பத்தாதுக்கா. இது ஆயுசுக்கும் இருக்கு." அக்கா தட்டை அவள் பக்கம் நகர்த்துகிறாள். ஷோபனா ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்து மெதுவாக மெல்லத் தொடங்குகிறாள்.