எக்சாஸ்ட் ஃபேன் மூடி

இங்கிலாந்தின் வடகோடி ஊரான சண்டர்லாந்தின் வாடைக்காற்றுக்கு ஊரில் வேறு வழியே இல்லாததுபோல, நார்மன் வீட்டுச் சமையலறை எக்சாஸ்ட் ஃபேன் வழியாகத்தான் நுழைந்தது. இலையுதிர் காலத்தில் குடிவந்ததிலிருந்து இதே தொல்லை. பழைய காலுறையைத் திணித்தான். செய்தித்தாளைத் திணித்தான். ரொட்டிப் பையை வைத்து டேப் ஒட்டினான். அது பலூன்போல உப்பி, பட்டென்று பிய்ந்து அவன் டீயில் விழுந்தது.

அடுப்பருகே கோட்டும் கம்பளித் தொப்பியுமாக நின்றாள் மனைவி டோரீன். "வெளிப்பக்கம் மூடி போட்டாத்தான் நிக்கும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா?"

ஞாயிறு காலை மூடி ஒன்றை வாங்கிக்கொண்டு, பின்சந்தில் ஏணி சாய்த்து முதன்முறையாக ஏறினான். சமையலறை ஜன்னலுக்கு மேலே இருக்கவேண்டிய ஃபேன் ஓட்டையைக் காணோம். வெறும் செங்கல், இடுக்கெல்லாம் பழம்பாசி. உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். காற்றே இல்லை.

"டோரீன், ஓட்டை எங்கே?"

ஜன்னல் இடுக்கு வழியே பதில் வந்தது. "உன் மூக்குக்கு நேரா."

"இங்க சுவர்தான் இருக்கு!"

"கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டுப் பாரு."

துடைத்துப் பார்த்தான். செங்கல்தான். எரிச்சலில் மூடியைச் சுவரோடு வைத்து அழுத்தினான்.

"ஆங், அப்படித்தான்! காத்து நின்னுடுச்சு." டோரீனின் குரலில் நிம்மதி. "போதும், ஃபேன் வழியா உள்ளே நீட்டியிருக்கிற கையை வெளியே எடு. ஐயோ, குளிர்ல எப்படி நீலம் பாரிச்சுப் போயிருக்கு! இரு, ஸ்டூல்ல ஏறிப் பிடிச்சுத் தேய்ச்சு விடறேன்."

நார்மன் ஒரு கையால் ஏணியைப் பிடித்திருந்தான். மறு கையில் மூடி இருந்தது.